எந்த இடத்துக் கான்சர் என்று கேட்காமல் விடுவது: பெண்களின் புற்றுநோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது, கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பாப் பரிசோதனை ரிப்போர்ட். மாதவிடாய் நின்று ஒன்பது வருடத்துக்குப் பிறகு மறுபடி இரத்தம் பட்டிருக்கிறது. உடனே போய் பாப் எடுத்திருக்கிறார், சரி என்று வந்திருக்கிறது. "கர்ப்பப்பை செக் பண்ணியாச்சு பிள்ளை, கான்சர் இல்லையாம்" என்று ஆறுதலாகி, மூன்று மாதம் அப்படியே விட்டுவிட்டார். இடையில் இரண்டு தரம் மறுபடி பட்டதை யாருக்கும் சொல்லவும் இல்லை.

பாப் பார்ப்பது கருப்பைக் கழுத்தை. அவருக்கு நோய் இருந்தது கருப்பையின் உட்சவ்வில்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிழை நம் பேச்சிலேயே இருக்கிறது. கருப்பைக் கழுத்தில் வருவதையும் கருப்பைக்குள் வருவதையும் சில நேரம் சூலகத்தில் வருவதையும்கூட "கர்ப்பப்பை கான்சர்" என்ற ஒரே பேரில் அடக்கிவிடுகிறோம். ஆனால் காரணம், கண்டுபிடிக்கும் வழி, வைத்தியம் எல்லாமே இடத்துக்கு இடம் வேறு. ஓரிடத்தில் சரியான புத்திமதி இன்னோரிடத்தில் ஆளையே கவிழ்த்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று உறவுக்காரருடன் ஆஸ்பத்திரிக்கு அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன், மற்றப் பிழைகளில் பாதியாவது இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் கிளைக்கிறது.

கருப்பைக் கழுத்தை எடுங்கள். இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ், அதில் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போக பெரும்பாலும் 15, 20 வருடம் எடுக்கும். அந்த நீண்ட இடைவெளியில் பிடித்துவிடலாம் என்பதால்தான் பரிசோதனைக்கு இங்கே இவ்வளவு பலன். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. கருப்பைக் கழுத்தில் வினாகிரியில் இருக்கும் அதே அசற்றிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்து வைத்தியம் செய்தார்கள், அவ்வளவுதான். இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் வெளியிட்டார்கள். கோடிக்கணக்கில் பெறுமதியான மெஷின் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இலங்கையில் 1996 முதல் வெல் வுமன் கிளினிக் இருக்கிறது. சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், காசு இல்லை. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் அல்லது குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாள் சொல்வார்கள். கொழும்பில் இருக்கிற நாங்கள் செய்கிற பிழை, "அது கர்ப்பிணிகளுக்கான இடம்" என்று நினைத்து அந்தப் பக்கமே போகாதது. இன்னொன்றும் உண்டு. 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். ஊசி போட்டாயிற்று, இனி வாழ்நாள் முழுக்கப் பரிசோதனை வேண்டாம் என்று கணக்குப் போடக்கூடாது. எல்லா வகை வைரஸையும் அந்த ஊசி மறிப்பதில்லை.

சரி, இந்தக் கருப்பைக் கழுத்துக் கதையைக் கருப்பையின் உட்சவ்வுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. அங்கே அறிகுறி வந்தபின் ஓடுவதுதான் வழி. மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் அது கணக்கில் வரவேண்டும். இந்த நோய் வந்த பெண்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அப்படிப் பட்டிருக்கும். மறுபக்கம், அப்படிப் படுகிற நூறு பேரைப் பார்த்தால் சுமார் ஒன்பது பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். ஆகவே பயந்து நடுங்கத் தேவையில்லை, ஆனால் தள்ளிப்போடவும் முடியாது. ஸ்கேனில் உட்சவ்வின் தடிப்பைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீற்றருக்கு மேல் என்றால், அல்லது தடிப்பு குறைவாக இருந்தும் திரும்பத் திரும்பப் பட்டால், மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு பயொப்சி, அதாவது சோதிக்கச் சிறு திசுத் துண்டு, எடுப்பார்கள். உடல் பருமன், நீரிழிவு, பிள்ளை பெறாதது, மார்புப் புற்றுநோய்க்குத் தமொக்சிபென் குளிசை குடிப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். "அவ கலியாணமே கட்டேல்லை, அவவுக்கு எங்கால கர்ப்பப்பை வருத்தம்?" என்ற கேள்வி இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது.

சூலகத்தின் கதை இன்னும் சிக்கல். தனியார் லெப்களின் பொதியில், சூலகப் புற்றுநோயைக் காட்டும் என்று சி.ஏ. 125 இரத்தப் பரிசோதனையைச் சேர்த்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வருத்தமும் இல்லாத பெண் அதைச் செய்து பார்ப்பதில் இலாபம் இல்லை என்பது சும்மா அபிப்பிராயம் அல்ல. பிரித்தானியாவில் 2001இல் தொடங்கி 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இந்த இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொண்ட பெண்கள் சூலகப் புற்றுநோயால் இறப்பது குறையவில்லை என்பது 2021இல் வந்த முடிவு. பைப்ரொயிட் என்ற சாதாரணக் கருப்பைக் கட்டி, உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், மாதவிடாய் நாட்கள், ஏன், வயிற்றுக் காசநோய்கூட அந்த எண்ணை ஏற்றிவிடும். எண் கூடியது என்று இரவிரவாக அழுத ஒரு அன்ரிக்குக் கடைசியில் இருந்தது காசநோய். ஆறு மாதக் குளிசையில் சுகமானார். எதிர்ப்பக்கமும் நடக்கும். ஆரம்பக் கட்டப் புற்றுநோயுள்ள பலருக்கு எண் சாதாரணமாகவே இருக்கும். சரியாக வந்த அந்த ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு வயிற்று உபாதையைக் கவனிக்காமல் விடுவது அதைவிட மோசம்.

அந்த உபாதை என்ன? வயிறு ஊதுவது, இரண்டு வாய் சாப்பிட்டதும் நிரம்பிவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சலம் போவது. எங்கள் வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே பேர்தான்: காஸ். ஓமவோட்டர், இஞ்சிப் பிளேன்ரீ, பிறகு பாமசியில் கேட்டு வாங்கும் ஒமிப்பிரசோல் என்ற அமிலம் குறைக்கும் குளிசை. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இது புதிதாகத் தொடங்கி, மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் வந்தால், வயிற்று டொக்டரைச் சனல் பண்ணுவதோடு நிறுத்தாமல் ஒரு ஸ்கேனும் கேளுங்கள்.

"கத்தி பட்டால் பரவும்" என்ற பேச்சையும் இடம் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். கருப்பைக் கழுத்திலும் உட்சவ்விலும் பயொப்சி எடுப்பதால் நோய் பரவுவதில்லை. அது இல்லாமல் வைத்தியமே தொடங்க முடியாது. ஆனால் சந்தேகமான சூலகக் கட்டியை ஊசியால் குத்தி நீர் எடுப்பதை டொக்டர்மாரே தவிர்ப்பார்கள். உள்ளே அடங்கியிருந்தது வயிற்றுக்குள் சிந்தினால் நோயின் கட்டமே மாறிவிடும்.

வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்கிற துளை வழி ஒப்பரேஷன் விடயமும் இதே மாதிரித்தான். தழும்பு சின்னது, கெதியாய் வீட்டுக்குப் போகலாம், காசு கட்டுகிறோம், அதையே செய்யுங்கள் என்று குடும்பமே நின்று கேட்கும். உட்சவ்வுப் புற்றுநோய்க்கு அது நல்ல வழிதான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் 2018இல் வந்த ஆய்வு முடிவு எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது. துளை வழியாகச் செய்தவர்களில் நான்கரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தது 86 சதவீதம். வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம். டொக்டர் பெரிய வெட்டுத்தான் நல்லது என்றால் அவர் பழைய காலத்து ஆள் என்று நினைத்து வேறு இடம் தேடிப் போகாதீர்கள்.

இரத்தப் போக்குக் கூடுதலா, கருப்பையை எடுத்துவிடுங்கள் என்று அவசரப்படுவதும் உண்டு. கழுத்தைப் பரிசோதிக்காமல் சாதாரணமாகக் கருப்பையை எடுத்து, பிறகு பயொப்சியில் கழுத்துப் புற்றுநோய் தெரிய வந்தால், முதலில் செய்திருக்க வேண்டிய ஒப்பரேஷனை இனிச் செய்வது கஷ்டம்.

கதிர் சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பிழை விடுவது நோயாளியும் குடும்பமும். "கரண்ட் பிடிக்கிறது" என்பார்களே, அதுதான். முற்றிய கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிர், கூடவே வாரத்துக்கு ஒரு தரம் சிஸ்பிளாற்றின் என்ற கீமோ மருந்து, கடைசியில் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர். எல்லாம் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடியவேண்டும். இழுபட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு 138 பஸ்ஸில் நின்றுகொண்டு போய் வருகிற அலுப்பு எனக்குத் தெரியும். நான்காவது வாரம் இரத்தப்போக்கு நின்று, ஆள் தெம்பாகிவிடுவார். அப்போதுதான் ஹட்டனில் ஒரு கலியாணம், ஊரில் ஒரு அந்தியேட்டி, கோயில் திருவிழா என்று கூப்பிடுவார்கள். "இரண்டு வாரம் நின்றுவிட்டு வந்து மிச்சத்தைப் பிடிக்கலாம்." முடியாது. கதிர் என்பது கடனில் வாங்கிய கட்டிலைப்போலத் தவணை தவறி அடைக்கிற கணக்கு அல்ல. உள்ளே வைக்கும் கதிரைக் கூச்சத்தாலும் பயத்தாலும் தட்டிக்கழிப்பவர்களும் இருக்கிறார்கள். குணமாக்குவதில் பெரும் பங்கு அதற்குத்தான்.

அப்புறம் பாஷை. ரிப்போர்ட் இங்கிலிஷில், பேச்சு சிங்களத்தில், எங்கள் ஆள் "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "என்ன சொன்னவர்?" என்று நம்மைக் கேட்பார். கிளினிக் கொப்பியில் மூன்று விடயத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்த இடம், எந்தக் கட்டம், பயொப்சியில் எந்த வகை.

பெரியம்மாவின் விடயத்தில் நாங்கள் கடைசியாக விட்ட பிழை பயொப்சியில்தான். உட்சவ்வுப் புற்றுநோயை அதன் மரபணு மாற்றத்தை வைத்து நான்கு வகையாகப் பிரிக்கலாம் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். ஒரு வகைக்கு ஒப்பரேஷனுக்குப் பின் மேலதிக வைத்தியமே தேவைப்படாமல் போகலாம், இன்னொன்றுக்குக் கடுமையான வைத்தியம் வேண்டும். அந்தப் பரிசோதனையைக் கடதாசி ரிப்போர்ட்டில் செய்ய முடியாது. மெழுகில் புதைத்து வைத்த திசுத் துண்டு, அதாவது பிளொக் வேண்டும். நாங்கள் ரிப்போர்ட்டை லெமினேட் பண்ணிப் பத்திரமாக வைத்திருந்தோம். பிளொக் முதல் பயொப்சி எடுத்த இடத்திலேயே கிடந்தது. கடிதம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, அதை வாங்கி வர இரண்டு வாரம் போனது.