இரண்டு ரூபாய் நகலுக்கு 17(பி) வாங்காதீர்கள்: அரசு ஊழியர்கள் இணையத்தில் பேசும்போது செய்யும் தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு உதவியாளர் இருந்தார், நல்ல வேலைக்காரர். ஒரு ஒப்பந்தப்புள்ளி விஷயத்தில் நடந்தது சரியில்லை என்று அவருக்குப் பட்டது. ஒப்பந்தமெல்லாம் முடிவாகி நாளாயிற்று, ஆனால் கோபம் ஆறவில்லை. ஒரு நாள் கோப்பின் குறிப்புப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து, "இதுதான் இங்கே வெளிப்படைத்தன்மை" என்று ஒரு வரி சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். படத்தில் முகம் இல்லை, பெயர் இல்லை. ஆனால் காகிதத்தின் ஓரத்தில் மேசைக் கண்ணாடி தெரிந்தது, கண்ணாடிக்கு அடியில் அவர் பல வருடமாக வைத்திருந்த பழனி முருகன் படத்தின் கால்வாசியும் தெரிந்தது. மூன்றாம் நாள் பெயர் வெளியே வந்துவிட்டது, அந்த மாதமே 17(பி) குறிப்பாணையும், அதாவது பெரிய தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டுக் குறிப்பாணையும், வந்துவிட்டது. அதன் வரைவை எழுதியவன் நான்தான், அப்போது நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளர்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பக்கம் ஒன்றும் ராணுவ ரகசியம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி யார் கேட்டிருந்தாலும் பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்திருக்க வேண்டியதுதான். பிரிவு 2(எஃப்) தகவல் என்பதில் கருத்துகளையும் ஆலோசனைகளையும் சேர்த்தே சொல்கிறது, அதனால் கோப்பில் எழுதும் குறிப்பும் தகவல்தான். அதே காகிதம், வந்த வழி வேறு, அவ்வளவுதான். பதவி உயர்வுப் பேனலில் அவர் பெயர் விடுபட்டது, அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் கண்காணிப்பாளர் ஆனார்கள்.

ஓய்வுபெற்ற பிறகும் இந்த மாதிரிக் கேள்விகளுடன் யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். அரசின் வெளிப்படைத்தன்மை பற்றி இணையத்தில் நடக்கும் பேச்சில் அரசு ஊழியர் கலந்துகொள்ளலாமா என்று கேட்டால் பாதிப் பேர் "வாயே திறக்கக் கூடாது சார்" என்கிறார்கள், மீதிப் பேர் "பேச்சுரிமை அடிப்படை உரிமை, யார் என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். இரண்டு கட்சியும் விதியைப் படித்ததில்லை. முதல் தவறே அதுதான்.

வேலையில் சேர்ந்ததால் குடிமகனுக்குரிய அடிப்படை உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது. எந்த வகையான ஆர்ப்பாட்டமும் கூடாது என்ற பீகார் நடத்தை விதியின் அந்தப் பகுதி செல்லாது என்றானது அந்த வழக்கில்தான். அதே தீர்ப்பு, வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்றும் சொன்னது. 2003-ல் நம்மூரில் வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரேயடியாக வேலையை இழந்தபோது அந்த இரண்டாம் பாதி எவ்வளவு கசந்தது என்பது அப்போது சர்வீஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆக, உரிமை இருக்கிறது, அதற்கு வரம்பும் இருக்கிறது. வரம்பு எங்கே என்பது நடத்தை விதிகளில் எழுதியிருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் ஆண்டு விதிகள், நமக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள். நடப்பிலுள்ள அல்லது அண்மைய அரசுக் கொள்கையையோ நடவடிக்கையையோ பாதகமாக விமர்சிக்கக் கூடாது என்பது மத்திய விதி 9. ஊடகத்தில் பங்கேற்றால் இது என் சொந்தக் கருத்து என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது விதி 8. நம் மாநில விதிகளில் 20-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது, அரசு ஊழியருக்குத் தகாத எதையும் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். வேறு எதிலும் அடங்காதது அதில் அடங்கிவிடும். குறிப்பாணை எழுதுகிறவனுக்கு அது ஒரு காமதேனு, நானே கறந்திருக்கிறேன்.

ஆனால் யாரும் கவனிக்காத ஒன்று மத்திய விதி 11. 2005-க்குப் பிறகு அது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவலைக் கொடுப்பது ஊழியரின் கடமை என்று தொடங்குகிறது. அனுமதியில்லாமல் அலுவல் ஆவணத்தையோ அதன் பகுதியையோ கொடுக்கக் கூடாது என்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது. தகவலை அமுக்குகிறவன் விசுவாசி, கொடுக்கிறவன் துரோகி என்கிற நம் அலுவலகப் பழக்கத்துக்கு விதிப் புத்தகத்தில் ஆதாரம் கிடையாது.

சரி, எதைப் பேசலாம்? "இந்தத் திட்டமே மோசடி" என்று ஓர் ஊழியர் எழுதினால் மாட்டிக்கொள்வார், உண்மையே ஆனாலும். "மானியத் திட்டம் என்றால் அதை எப்படி நடத்துகிறார்கள், எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் என்பதைக் கேட்காமலே வெளியிட வேண்டும், பிரிவு 4(1)(பி)-யில் இருக்கிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்" என்று எழுதினால் அது சட்டத்தை எடுத்துச் சொல்வது. முதல் வரியால் படிப்பவருக்குக் கோபம் மட்டும்தான் மிச்சம், இரண்டாவதை வைத்து அவர் போய் மனு போடலாம். எந்தப் பதிவேடு எந்தப் பிரிவில் இருக்கும், மனுவில் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் "தகவல் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது என்பதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல எந்த விதியும் தடுக்கவில்லை. அரசின் இணையதளத்தில் ஏற்கெனவே கிடக்கும் அரசாணையின் இணைப்பைப் பகிரக்கூடப் பயப்படுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இதையும் நான் தவறு என்றுதான் சொல்வேன், ஏனென்றால் விவரம் தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டால் பேச்சு முழுக்கத் தெரியாதவர்கள் கையில் போய்விடுகிறது.

பொய்ப்பெயர் காப்பாற்றும் என்று நம்புவது அடுத்த தவறு. விதி 9-லேயே சொந்தப் பெயரிலோ, பெயரில்லாமலோ, புனைபெயரிலோ, இன்னொருவர் பெயரிலோ என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள், 1964-லேயே நம் ஆட்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர் பெயர் தெரியாத ட்விட்டர் கணக்கில் துறையை விமர்சித்து வேலையை இழந்தார், அந்தப் பணிநீக்கத்தில் தவறில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2019-ல் சொல்லிவிட்டது. பெயர் மறைந்தாலும் நடை மறையாது, முருகன் படமும் மறையாது.

"மூடிய குழுதானே சார்" என்பவர்களுக்கு: 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு கிராம வங்கி ஊழியர் வழக்கில், சக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளைப் பற்றிப் புலம்பியதற்காகக் கொடுத்த குற்றக் குறிப்பாணையை ரத்து செய்தது. ஊழியருக்குப் புலம்பித் தீர்க்கவும் உரிமை உண்டு என்றது தீர்ப்பு. நல்ல தீர்ப்பு, மனதுக்கு ஆறுதல். ஆனால் அந்த வழக்கு புலம்பலைப் பற்றியது, அலுவல் காகிதத்தை அனுப்பியதைப் பற்றியது இல்லை. தவிர, குறிப்பாணை வந்த பிறகு நீதிமன்றம் போய் ரத்து வாங்கியதும், குறிப்பாணையே வராமல் இருப்பதும் ஒன்றா? இடையில் போகும் தூக்கத்துக்கு யார் கணக்குச் சொல்வது? திரிபுரா மீன்வளத் துறையில் ஒருவர், ஓய்வுக்குச் சில நாள் இருக்கும்போது, ஃபேஸ்புக் பதிவுக்காகவும் அரசியல் பேரணிக்குப் போனதற்காகவும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2018-ல் தொடங்கிய அந்த விவகாரத்தில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று நடவடிக்கையை ரத்து செய்தது 2020 ஜனவரியில்.

ஆளைத் தாக்குவது இன்னொன்று. பேச்சு தகவலைப் பற்றித் தொடங்கும், நாலாவது பதிலில் "எங்க மேடம் எப்படித் தெரியுமா" என்று இறங்கிவிடும். 2024 நவம்பரில் கேரளத்தில் ஒரு ஐஏஎஸ் அதிகாரியே மூத்த அதிகாரியை ஃபேஸ்புக்கில் தாக்கி எழுதியதற்காகப் பணியிடை நீக்கம் ஆனார். ஐஏஎஸ்ஸுக்கே அந்தக் கதி, நாம் இளநிலை உதவியாளர்.

இப்போது சொல்லப்போவதைச் செய்கிறவர்களுக்கு இது தவறு என்றே தோன்றுவதில்லை. ஆர்டிஐ மனு போட்டவரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் தெரிகிற மாதிரி மனுவைப் படமெடுத்து, "யாரு கேட்டிருக்கான் பாருங்க" என்று அலுவலகக் குழுவில் போடுவது. மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை, தொடர்புகொள்வதற்கு வேண்டியதைத் தவிர சொந்த விவரம் எதையும் கேட்கவும் கூடாது என்று பிரிவு 6(2) சொல்கிறது. அவர் மணல் விஷயமோ நில விஷயமோ கேட்டிருந்தால் அந்தப் படம் எந்தக் கைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு 17(பி) கொடுத்தால் நான் கண்ணீர் விட மாட்டேன். இதே ரகம்தான், பயனாளிகள் பட்டியலை ஆதார் எண்ணோடு பகிர்ந்துவிட்டு வெளிப்படைத்தன்மை என்று சொல்லிக்கொள்வதும்.

ஊழலைக் கண்ணால் பார்த்தவர்கள் அதை முதலில் இணையத்தில் எழுதுவதும் தவறான வரிசை. சத்யேந்திர துபே என்ற நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர், தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார், பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகுதான் 2004-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு, புகார் கொடுப்பவரின் பெயரை வெளியிடாமல் விசாரிக்கும் அதிகாரம் வந்தது. மூடிய உறையில் அனுப்ப வேண்டும், உறையின் மேல் பெயர் கூடாது, உள்ளே கடிதத்தில் பெயரும் முகவரியும் கட்டாயம் வேண்டும். மொட்டைக் கடுதாசியை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இது மத்திய அரசு அலுவலகங்கள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் பற்றிய புகாருக்கு மட்டும்தான், மாநில விஷயம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறைதான் போக வேண்டிய இடம். 2014-ல் இதற்கென்றே நாடாளுமன்றம் ஒரு பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆகி, நடைமுறைக்குக் கொண்டுவராமல் அலமாரியில் வைத்துவிட்டார்கள். அதை நம்பி யாரும் இறங்கிவிடாதீர்கள்.

இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 40-ஆம் பிரிவைப் பாருங்கள், சட்டப்படி கொடுக்கத்தக்க தகவலைக் கொடுத்ததற்காக ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. 2022 செப்டம்பரில் அரச ஊழியர் சமூக ஊடகத்தில் கருத்துச் சொன்னால் ஒழுங்கு நடவடிக்கை என்று எச்சரித்த சுற்றறிக்கையையும் அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அரசு ஊழியர் தானே ஆர்டிஐ மனு போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், சொந்த அலுவலகத்திலும் போடலாம். அலுவலக லெட்டர்பேடில் எழுதுவது, கையெழுத்துக்குக் கீழே பதவியைப் போடுவது, அலுவலகத் தபாலில் சேர்த்து அனுப்புவது, இதெல்லாம்தான் கூடாது. சட்டம் குடிமகனுக்குக் கொடுத்த உரிமை, ஆகவே வீட்டு முகவரி, சொந்தக் காசு. 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம். பொதுத் தகவல் அலுவலர் நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அவர் பையிலிருந்து போகும். கேள்வியை எந்தக் குழுவில் விவாதித்தாலும், கிடைத்த பதிலை மட்டும் பகிருங்கள், அது உங்கள் கைக்கு முறைப்படி வந்த காகிதம்.

கடைசியாக, குறிப்பாணை வந்துவிட்டால் செய்யும் தவறுகள். வந்த அன்றே பதிவை அழித்துவிட்டு "நான் போடவே இல்லை" என்பது, கோபத்தில் விளக்கமே கொடுக்காமல் இருப்பது, ஸ்கிரீன்ஷாட்டுக்கு நீதிமன்றம் கேட்கிற மின்னணு ஆவணச் சான்றிதழ் இல்லை, அது சாட்சியமே ஆகாது என்று யாரோ வக்கீல் சொன்னதை நம்பி உட்கார்ந்திருப்பது. துறை விசாரணைக்குச் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது. குறித்த நாளுக்குள் எழுதுங்கள், அவர்கள் எந்த ஆவணங்களை வைத்துக் குற்றம் சாட்டுகிறார்களோ அவற்றின் நகலைக் கேளுங்கள், எந்த விதியின் எந்த உட்பிரிவு என்று கேளுங்கள்.

எங்கள் உதவியாளரும் விசாரணையில் தன் பக்கத்தைக் காட்ட அந்தக் குறிப்புப் பக்கம் அடங்கிய கோப்புப் பகுதியின் சான்றிட்ட நகலைத்தான் கேட்டார். விசாரணை அலுவலர் இழுத்தடிக்கவே, வீட்டு முகவரி போட்டு ஆர்டிஐ மனு எழுதினார். இருபத்திரண்டாம் நாள் பதிவுத் தபாலில் வந்தது. 3 பக்கம், 6 ரூபாய்.