டிரிப் நோட்டில் பெயர் எழுதும் விதம்

கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு வேன் ஓட்டுகிறேன். ஒரு சொத்து வழக்கில் சாட்சிக் கூண்டு ஏறிய பிறகுதான் நோட்டு எழுதக் கற்றேன். புதிதாக ஓட்ட வரும் தம்பிகளுக்கு அதைச் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில், அதாவது மாலை 4.30க்கு மேல், குடும்பத்தின் மூத்தவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாரா, என் வேனில் திருநாகேஸ்வரம் வந்து பாலபிஷேகம் பார்த்தாரா என்பது கேள்வி. என் நோட்டில் "மாயவரம் பார்ட்டி, 9 பேர்" என்று மட்டும் இருந்தது. அவர் வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. சம்மன் வந்ததும் ஓரத்தில் அவர் பெயரைச் சேர்த்தேன், வேறு பேனாவால். எழுதியது உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இந்த மை எப்போது வாங்கியது?" என்றார். முழு நோட்டும் அத்தோடு போயிற்று.

ஆகவே, பெயர்களை வண்டி புறப்படும் முன்பே எழுதுங்கள். ஒவ்வொருவரையும் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அர்ச்சனைக்காகக் குடும்பத் தலைவர் சட்டைப்பையில் பெயர், நட்சத்திரப் பட்டியல் வைத்திருப்பார். அதைப் பார்த்து எழுதலாம். ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் மகன் பெயரும் அதில் இருக்கும்! ஏறியவர்களை மட்டும் டிக் செய்யுங்கள். வழியில் ஏறினாலும் இறங்கினாலும் இடம், நேரம், கிலோமீட்டர் குறியுங்கள். தவறினால் ஒரே கோடு போட்டு அடியுங்கள், கிறுக்காதீர்கள்.

2021இல் நியூயார்க்கில் ஒரு பெரிய வழக்கில் தனியார் விமானி ஒருவரின் பறப்புக் குறிப்பேடு சாட்சியமானது. அதிலும் சில இடங்களில் பெயரில்லை, "ஒரு பெண்" என்றுதான் இருந்ததாம். படித்தபோது என் "9 பேர்" நினைவுக்கு வந்தது.

கூண்டில் நோட்டைப் பார்க்க அனுமதி கேட்கலாம். சம்பவத்தின்போதோ, அது மனத்தில் பசுமையாக இருக்கையிலோ எழுதிய குறிப்பைச் சாட்சி பார்க்கலாம் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. பார்த்தால் எதிர்த்தரப்பும் வாங்கிப் பார்க்கும். நோட்டில் இல்லாததைக் கேட்டால் "எழுதவில்லை" என்று சொல்லிவிடுங்கள்.

கோர்ட் நாளில் வாடகை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து வேப்பமரத்தடியில் காத்திருந்து, மாலையில் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள்.