கினிப் பன்றியைத் தற்காலிகமாக வளர்ப்பதும் அதன் குணமறிவதும்: ராமநாதபுரம் கடலோரத்துக்கு ஏற்ற செய்முறை

நிரந்தர வீடு கிடைக்கும்வரை கினிப் பன்றியை வைத்துப் பார்ப்பவர், அதை நிரந்தரமாக வளர்க்கப்போகும் வீட்டாரிடம் அதன் குணத்தையும் சரியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். தீனியும் வெப்பமும் சரியாக அமையாத விலங்கிடம் குணம் தெரியாது, களைப்புதான் தெரியும்.

1. கூண்டு: இரண்டுக்கு 4 அடி நீளம், 2.5 அடி அகலம். கம்பித் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். சிமெண்டுத் தரையில் பழைய பருத்தித் துணியே போதும். தகரக் கொட்டகையிலோ மாடியிலோ வைக்கவே கூடாது.

27 டிகிரிக்கு மேல் போனால் இவை திணறும். சித்திரை, வைகாசியில் பாம்பன், மண்டபம் பக்கம் கூண்டின்மேல் ஈரச்சாக்கு போடுவது அதிகம் உதவாது. கடற்காற்றிலேயே ஈரம் இருப்பதால் சாக்குத் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும், குளிர்ச்சி குறைவு, பூஞ்சைதான் வரும். 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றி உள்ளே வையுங்கள். இரண்டு பாட்டில் இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். மின்வெட்டுக்கு முன்பே உறையவைத்துவிடுங்கள்.

2. தீனி: நிழலில் உலர்த்திய அருகம்புல், எந்நேரமும். வைக்கோலில் சத்துக் குறைவு. புல்லைப் பாலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சை பூத்துவிடும், சணல் பையில் தொங்கவிடுங்கள். வைட்டமின் சி இவற்றின் உடலில் உருவாகாது. ஒன்றுக்குத் தினம் 10 கிராம் கொய்யா போதும், கூடவே கொஞ்சம் கொத்தமல்லி. சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்தால் வீரியம் சீக்கிரம் போய்விடும். உப்புத் தண்ணீர் வேண்டாம், வீட்டில் குடிக்கும் தண்ணீரையே வையுங்கள்.

3. எடை: 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறியுங்கள். 50 கிராம் குறைந்தாலோ 12 மணி நேரம் சாப்பிடாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள். பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுக்கக் கூடாது என்று அங்கே சொல்லிவிடுங்கள், அது குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று உயிரையே எடுக்கும்.

4. குணம்: பெரும்பாலான தவறு இங்கேதான். கையில் எடுத்தால் அசையாமல் இருக்கும் கினிப் பன்றியைச் சாது என்று எழுதிவிடுகிறார்கள். அது பயத்தில் உறைந்து நிற்கிறது. முதல் மூன்று நாள் எடைபோட மட்டும் தொடுங்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில் கொத்தமல்லித் தண்டை முதலில் அது ஒளிந்துகொள்ளும் அட்டைப்பெட்டியின் வாசலில், அடுத்து ஒரு முழம் தள்ளி, கடைசியில் உங்கள் மடியில் வையுங்கள். எந்த நாளில் எதுவரை வந்தது என்று எழுதுங்கள். துள்ளிக் குதித்தால் மகிழ்ச்சி, உரத்த கீச்சொலி தீனிக்கான அழைப்பு, பல்லை நறநறத்தால் எச்சரிக்கை.

அட்டைப்பெட்டிக்கு இரண்டு வாசல் கட்டாயம் வெட்டுங்கள். ஒரே வாசலாக இருந்தால் அடக்கியாளும் ஒன்று அதை மறித்துக்கொள்ளும், உள்ளே மாட்டிய மற்றது கூச்ச சுபாவம் போலத் தெரியும். தீனியையும் கூண்டின் இரு முனைகளில் வைத்துப் பாருங்கள். அதே கூச்சக்காரி துணிச்சலாக ஓடிவரக்கூடும்.

பிற்சேர்க்கை: "இரண்டும் பெண்" என்று கொடுத்தாலும் நம்ப வேண்டாம், பாலினத்தை உறுதிசெய்யுங்கள். ஆண் குட்டி மூன்று, நான்கு வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். கர்ப்பம் 59 முதல் 72 நாள். ஆணுடன் இருந்து வந்த பெண் சோம்பேறியாக, குண்டாகத் தெரிந்தால் குணம் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தனியே வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.