ஸ்கோப் எந்த ரைஃபிளுக்கு? தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு முதலில் மங்குவது செய்தித்தாள் எழுத்து. வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அதோடு, ரைஃபிளில் குறிபார்க்க வைத்திருக்கும் பின்குறியும் மங்கிவிடும். பின்குறி, முன்குறி, அப்பால் நிற்கும் மான் என்று மூன்று தூரங்களை ஒரே கண் ஒரே நொடியில் பார்த்தாக வேண்டும். இளைஞர்களின் கண்ணுக்கே அது முழுதாகக் கைகூடுவதில்லை. ரைஃபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பிலோ குறுக்குக் கோடுகளும் மானும் ஒரே தளத்தில் தெளிவாகத் தெரியும். அதனால்தான் நான் வசிக்கும் பென்சில்வேனியாவில், நவம்பர் இறுதியில் மான் வேட்டை தொடங்கும் முன்பே பலர் ஸ்கோப் வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய பிறகுதான் அதை எந்த ரைஃபிளில் பொருத்துவது என்று யோசிக்கிறார்கள்.

சென்ற ஆண்டு என் பக்கத்து வீட்டுக்காரரும் இப்படித்தான் ஒரு புது ஸ்கோப்போடு வந்தார். அவரிடம் மூன்று ரைஃபிள்கள். தாத்தா விட்டுச்சென்ற வின்செஸ்டர் 94, பழைய ஜெர்மன் ராணுவ மௌசர் 98, கடையில் வாங்கிய சாதாரண ரெமிங்டன் 700. தாத்தாவின் துப்பாக்கிமீது அவருக்கு உயிர். ஸ்கோப்பை அதிலேயே பொருத்திவிட நினைத்தார். நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான்: ரைஃபிளின் உடலமைப்பைப் பார்க்காமல், தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பது.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94, கீழே உள்ள நெம்புகோலை இழுத்து இயக்கும் துப்பாக்கி. லட்சக்கணக்கான அமெரிக்க வீடுகளில் இன்றும் இருக்கிறது. சுட்டு முடித்து நெம்புகோலை இழுத்தால் காலியான தோட்டாக்கூடு நேராக மேலே பறக்கும். ஸ்கோப் இருக்க வேண்டிய இடமும் அதே மேல்பகுதிதான். அங்கே ஸ்கோப்பை வைத்தால் கூடு அதில் மோதி, திரும்ப உள்ளேயே விழுந்து சிக்கிக்கொள்ளும். இரண்டாவது தோட்டா தேவைப்படும் நேரத்தில் துப்பாக்கி அடைத்துக்கொண்டு நிற்கும். 1980களின் தொடக்கத்தில்தான் கூட்டைப் பக்கவாட்டில் சாய்த்து எறியும்படி இந்த மாதிரியை மாற்றினார்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கி என்றால் அதற்கு முந்தையது என்றே எடுத்துக்கொள்ளலாம். மார்லின் 336 என்ற இன்னொரு நெம்புகோல் ரைஃபிளில் மேல்பகுதி மூடியிருக்கும், கூடு வலப்பக்கமாக வெளியேறும். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பிபோல இருப்பதால், மார்லினுக்குப் பொருந்துவது வின்செஸ்டருக்கும் பொருந்தும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

‘அப்படியானால் ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளிப் பொருத்தினால் என்ன?’ என்று அவர் கேட்டார். அதற்கான தாங்கிகள் கிடைக்கின்றன. ஆனால் கண் ஸ்கோப்புக்குப் பின்னால் வர வேண்டுமென்றால் தோளில் பதியும் பின்பக்க மரக்கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்க வேண்டும். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதியாவிட்டால் குறியும் ஒரே இடத்தில் நிற்காது.

இந்த நெம்புகோல் ரைஃபிள்களில் உயிருக்கே ஆபத்தான ஒன்றும் இருக்கிறது. அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் வெளியே தெரியும்படி இருக்கும். அதைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துச் சுட வேண்டும், சுடாதபோது விரலால் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். அதன்மேல் ஸ்கோப்பைத் தாழ்வாக வைத்துவிட்டால் விரல் நுழைய இடமிருக்காது. குளிரில் விறைத்த விரல், தடித்த கையுறை, உள்ளே உயிருள்ள தோட்டா: சுத்தியல் வழுக்கினால் தோட்டா பாய்ந்துவிடும். சுத்தியலின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய இணைப்பு ஒன்றைத் திருகினால் இது தீரும். விலை மிகக் குறைவு. மார்லின் 336 போன்றவற்றில் ஸ்கோப் பொருத்துகிறவர்கள் அதை வாங்காமல் காட்டுக்குள் போகக் கூடாது.

மௌசரின் சிக்கல் வேறு. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையான போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தாழ்வாக வைத்த ஸ்கோப்பில் அந்தக் கைப்பிடி இடிக்கும். பின்முனையில் இறக்கைபோல இருக்கும் பாதுகாப்புப் பூட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மேல்வழியாகவே திரும்புவதால் அதுவும் இடிக்கும். கைப்பிடியை வெட்டி வளைத்துப் பற்றவைத்து, பூட்டை மாற்றி, கடினமாக்கப்பட்ட எஃகில் துளைபோட வேண்டும். இத்தனைக்கும் ஆகும் கூலியில் புது ரைஃபிளே வாங்கிவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த ராணுவத் துப்பாக்கிகளை இப்படி மாற்றியதற்கு அப்போது ஒரு நியாயம் இருந்தது, இன்று இல்லை. பாகங்களின் எண்கள் எல்லாம் ஒத்துப்போகும் பழைய மௌசரையோ, 1964க்கு முன் செய்த வின்செஸ்டர் 70ஐயோ சேகரிப்பாளர்கள் நல்ல விலைக்கு வாங்குகிறார்கள். புதிதாக ஒரு துளை போட்டாலே அந்த விலை விழுந்துவிடும், பாட்டியின் அட்டிகையை உருக்கிய பிறகு அதற்கு வெறும் தங்கத்தின் விலைதான் என்பதுபோல. போட்ட துளையை அடைத்தாலும் தழும்பு தெரியும்.

ரெமிங்டன் 700ஐப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1962இல் வந்த இந்த மாதிரியில் ஸ்கோப் தாங்கிக்கான துளைகள் ஆலையிலேயே போட்டிருக்கும், கூடு பக்கவாட்டில் வெளியேறும், கைப்பிடி ஸ்கோப்பைத் தொடாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மேல்பகுதியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரம் அல்ல, குட்டை, நெட்டை என்று இரண்டு நீளங்களும் உண்டு. தாங்கியை அந்த மாதிரிக்கும் நீளத்துக்கும் உரியதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

துப்பாக்கியின் உடல் ஒத்துவந்தாலும் கட்டை ஒத்துவராமல் போகலாம். பழைய ரைஃபிள்களின் கட்டை, குழலை ஒட்டித் தாழ்வாக இருக்கும் இரும்புக் குறிகளுக்காகச் சாய்த்துச் செதுக்கப்பட்டது. ஸ்கோப்பின் மையமோ குழலின் மையத்துக்கு மேலே ஒன்றரை அங்குலம் இருக்கும். கன்னம் பதிய வேண்டிய இடத்தில் தாடை தொங்கும். இதைச் சோதிப்பது எளிது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பாதுகாப்பான திசையில் நீட்டி, கண்களை மூடிக்கொண்டு தோளில் வைத்துக் கன்னத்தைப் பதியுங்கள். பிறகு கண்களைத் திறங்கள். ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிந்தால் சரி. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் கட்டை பொருந்தவில்லை. பெரிய கண்ணாடி நல்லது என்று முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கோப்பை வாங்குகிறவர்கள் அதை இன்னும் உயர்த்திப் பொருத்த நேர்ந்து, இந்தச் சிக்கலைத் தாங்களே பெரிதாக்கிக்கொள்கிறார்கள். காட்டுக்கு 32 முதல் 40 மில்லிமீட்டர் போதும்.

ஸ்கோப் பொருத்தினால் தோட்டா தூரம் போகும் என்ற நினைப்பும் தவறு. கண்ணுக்கு மான் பெரிதாகத் தெரிவதால் மனம் ஏமாறுகிறது. வின்செஸ்டர் 94இல் வழக்கமாகப் போடும் .30-30 தோட்டா, நூறு கஜத்துக்குக் குறி சரிசெய்திருந்தால், இருநூறு கஜத்தில் ஏறக்குறைய எட்டு ஒன்பது அங்குலம் கீழே விழும், வேகமும் குறைந்திருக்கும். அவருடைய ரெமிங்டனில் போடும் .308 தோட்டா அதே தூரத்தில் நான்கு அங்குலத்தை ஒட்டித்தான் இறங்கும். தூரத்தில் நிற்கும் மானை .30-30இல் சுட்டுக் காயப்படுத்தி, அது புதருக்குள் ஓடிப்போய் இரவெல்லாம் துடித்துச் சாக விடுவதைப் போன்ற கொடுமை வேட்டையில் வேறில்லை. ஸ்கோப்பால் கூடுதல் பயன் பெறும் தோட்டா எது என்று பார்த்தாலும் தேர்வு .308தான்.

ரைஃபிளே ஒழுங்காகச் சுடுகிறதா என்று பார்க்காமல் ஸ்கோப் பொருத்துவதும் நடக்கிறது. இருக்கும் குறியை வைத்தே மணல்மூட்டையில் தாங்கிச் சில தோட்டாக்கள் சுட்டுப் பாருங்கள். கட்டையோடு உடலைப் பிணைக்கும் திருகு தளர்ந்திருந்தாலோ குழல் தேய்ந்திருந்தாலோ இலக்கில் விழும் துளைகள் சிதறும். அதை எந்த ஸ்கோப்பாலும் சரிசெய்ய முடியாது.

.300 மேக்னம் போல உதை அதிகமுள்ள ரைஃபிள் என்றால், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நான்கு அங்குலமாவது இடைவெளி தரும் ஸ்கோப்பாகப் பாருங்கள். இல்லாவிட்டால் புருவம் பிளந்துவிடும்.

ஸ்கோப் வந்துவிட்டதே என்று பைனாகுலரை வீட்டில் விட்டுவிடாதீர்கள். புதருக்குள் அசைவது என்ன என்று ஸ்கோப் வழியே பார்ப்பது, அசைவதை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவதாகும். அங்கே இருப்பது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். இங்கே சூரியன் உதிக்க அரைமணி நேரத்துக்கு முன்பே சுடலாம்; அந்த அரை இருட்டில் வேட்டைக்காரர்கள் அணியும் ஆரஞ்சு நிற உடைகூட மங்கலாகத்தான் தெரியும்.

கடைசியில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கோப்பை ரெமிங்டனில் பொருத்தினார். முதலில் 25 கஜத்தில் சுட்டுச் சரிசெய்தோம். ஸ்கோப்பின் திருகு ஒவ்வொரு சொடுக்குக்கும் கால் நிமிடக் கோணம் நகரும் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு நிமிடம்). தோட்டா படும் இடத்தை நூறு கஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த நான்கு சொடுக்குகள் போதும். 25 கஜத்தில் அதே ஓர் அங்குலத்துக்குப் பதினாறு வேண்டும். இதை மறந்து நான்கோடு நிறுத்துகிறவர்கள் தோட்டாக்களை வீணடிக்கிறார்கள். பிறகு நூறு கஜத்துக்குப் போய் முடித்தோம். மௌசர் அலமாரியிலேயே இருக்கிறது. தாத்தாவின் வின்செஸ்டருக்கு, புதுத் துளை போடாமல் இருக்கும் திருகுத் துளைகளிலேயே பொருந்தும் ஒரு வட்டத்துளைக் குறியை வாங்கிக் கொடுத்தேன். கண் அந்தத் துளையின் நடுவைத் தானாகவே தேடிக்கொள்வதால் வெள்ளெழுத்துக்கு அது பெரிய உதவி. நாற்பது கஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத லாரல் புதர்களுக்குள் போகும் நாட்களில் அவர் இன்றும் எடுத்துச்செல்வது அதைத்தான்.