வடசென்னை வாத்தியக்காரர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தல்

வடசென்னையில் வாத்தியச் சத்தம் கேட்காத வாரம் இல்லை. ஆடி மாதத்து ஞாயிறுகளில் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் தெருக்களில் பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்பும் ஒலிக்கும். கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் பேண்டு செட்டு போகும். சாவு வீட்டு வாசலில் சட்டி மேளமும் பறையும் முழங்கும். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இரவெல்லாம் கானாப் பாட்டு நடக்கும். இவற்றைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க வருகிறவர்களில் பலர், எடுத்த வண்ணப்படத்தின் நிறத்தை நீக்கி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, அத்துடன் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த படங்களில் வேட்டி பளீரென்று வெளுத்திருக்கும்; அடிப்பவரின் முகமோ விவரம் ஏதுமின்றி இருண்டு கிடக்கும். கறுத்த தோலை அதன் கறுப்பு குறையாமலும், அதில் உள்ள மினுமினுப்பும் சுருக்கமும் வியர்வையும் தொலையாமலும் பதிவு செய்வதுதான் இந்த வேலையின் மையம் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லும் எல்லாம் அதை ஒட்டியவையே.

கேமராவை எடுப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு மூத்தவர் இருப்பார், ஆட்டத்துக்கு நடுவே அவரைத் தொந்தரவு செய்யாமல், டீ குடிக்க ஒதுங்கும் நேரத்தில் அருகே போய், “அண்ணா, நீங்க வாசிக்கிறதைப் படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். சாவு வீடு என்றால் அந்தச் சம்மதம் மட்டும் போதாது. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். இறந்தவரின் முகத்தையும் அழும் பெண்களையும் படச்சட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டை நோக்கிப் போகும் ஊர்வலமானால் பூப்பல்லக்குக்கும் மேளத்துக்கும் இடையில் புகாமல் ஓரமாக நடந்தபடி எடுங்கள். படத்தை இணையத்தில் போடலாமா என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாகவே கேட்க வேண்டும். சாவுக்கு மேளம் அடிப்பவரைத் தாழ்வாகப் பார்க்கும் சாதிப் புத்தி இன்னும் ஒழியாத ஊரில், பிள்ளைகள் படிக்கும் இடத்தில் இந்தப் படம் சுற்றக் கூடாது என்று ஒருவர் நினைத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

அடுத்தது வெயில். சென்னை சுமார் 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. நட்டுவைத்த கம்பத்துக்கு அன்று நிழல் விழாது. இரண்டாவது நாள் ஆடி முடிந்த கையோடு வருகிறது. ஆகவே கூழ் ஊற்றும் ஞாயிறுகளின் நடுப்பகலில், பம்பை உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில், வெளிச்சம் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். புருவத்துக்குக் கீழே கண் இருக்கும் இடம் வெறும் இருட்டாகிவிடும். இதற்குப் பந்தல்தான் மருந்து. பந்தலின் விளிம்பில், வாத்தியக்காரர் நிழலுக்குள்ளும் அவருக்கு எதிரே உள்ள தரை வெயிலிலும் இருக்கும்படி நின்றால், சிமென்ட் தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் ஏறிக் கண்களைத் திறந்துவிடும். பந்தல் இல்லாத இடத்தில் அவர் தலை நிமிரும் நொடிக்காகக் காத்திருங்கள். உடுக்கை அடித்துப் பாடுபவர் அம்மனை அழைக்கும்போது எப்படியும் முகத்தை மேலே தூக்குவார்.

காலை ஊர்வலங்களுக்குத் தெருவின் திசையைப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். கடல் கிழக்கே இருப்பதால் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் இளவெயில் நேராகப் பாயும். தங்கசாலைத் தெருவைப் போல வடக்கு தெற்காக ஓடும் தெருக்களிலோ, மேற்கு வரிசைச் சுவர்களின் மேல்பகுதியில் மட்டும் வெயில் பட்டு, அங்கிருந்து கீழே மெதுவாக இறங்கும். முகங்களுக்கு இந்த இரண்டாவது வகை வெளிச்சமே நல்லது.

எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதை, விளக்கமாகவே சொல்கிறேன், படம் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக ஆக்கவே முயலும். சட்டம் முழுக்க வெள்ளை வேட்டி சட்டையாக இருந்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அதோடு முகமும் இருண்டு போகும். ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் அளவீட்டுக்கு மாறி, வாத்தியக்காரரின் கன்னத்தை அளந்து, அதிலிருந்து 1 ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாடங்கள் இதற்கு நேர் எதிராகச் சொல்லும். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்செல் ஆடம்சும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த மண்டல முறை, கறுப்பு முதல் வெள்ளை வரையான சாயல்களை ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு மண்டலமாகப் பிரிக்கிறது; அதில் நடுச்சாம்பல் 5-ஆம் மண்டலம். வெள்ளையரின் தோலுக்கு உரியது 6-ஆம் மண்டலம். அதனால் தோலை அளந்து 1 ஸ்டாப் கூட்டும்படி அவர்கள் கற்பிப்பார்கள். அதே கணக்கை வெயிலில் காய்ந்து கறுத்த நம் மேளக்காரருக்குப் பொருத்தினால் அவர் வெளிறிப் போவார், அவருடைய வேட்டியின் மடிப்புகளும் காணாமல் போகும். அவருக்கு உரிய இடம் 4-ஆம் மண்டலம். அப்படி வைத்தால் தோலும் வேட்டியும் இரண்டுமே, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புக்குள் அடங்கும். பறைக்கு மாட்டுத்தோலுக்குப் பதிலாக ஃபைபர் போட்டிருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அந்த வெள்ளைப் பரப்பு வெயில் பட்டால் படத்தில் உடனே விவரமின்றி வெளுத்துப்போகும் என்பதால், அது சற்றே திரும்பியிருக்கும் கோணத்தைத் தேடுங்கள்.

மாட்டுத்தோல் பறையாக இருந்தால், அடிக்கும் முன் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி அதைக் காய்ச்சுவார்கள். சூடு ஏற ஏறத் தோல் விறைத்துக்கொள்ளும். நடுநடுவே விரலால் தட்டி ஒலியைச் சோதிப்பார்கள். என் கண்ணுக்கு ஊர்வலத்தைவிட இதுவே வளமான நேரம். காய்ச்சுபவருக்கு எதிர்ப்புறம் குந்தி உட்காருங்கள். அவர் பறையை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பார்க்கும்போது ஒளி தோலை ஊடுருவிக்கொண்டு வரும். தோலில் ஓடும் நரம்புத் தடங்களும், அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்த நடுப்பகுதியும், பின்னால் பிடித்திருக்கும் விரல்களின் நிழலும் ஒரே பரப்பில் தெரியும். அந்தப் படத்துக்கு மட்டும் முகத்தை விட்டுவிட்டுப் பறைத்தோலை அளக்கலாம். புகை கறுப்புப் பின்னணியில்தான் எடுபடும். திறந்திருக்கும் வீட்டு வாசலின் இருட்டுக்கு நேராகச் சட்டத்தை நகர்த்தினால், பிளெக்ஸ் பேனர்களும் கேபிள் வயர்களும்கூட வெளியே போய்விடும்.

ஷட்டர் வேகம் கைகளைப் பொறுத்தது. பறையின் இரண்டு குச்சிகளில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி இடக்கையிலும் குட்டையான அடிக்குச்சி வலக்கையிலும் இருக்கும். இடது தோளில் தொங்கும் பறையை இடக்கை அணைத்திருப்பதால், அடிப்பவரின் வலப்பக்கம் நின்றால் குச்சிகளும் முகமும் ஒன்றையொன்று மறைக்காமல் வரும். குச்சியை உறைய வைக்க 1/1000 விநாடி வேண்டும். ஆனால் குச்சி உறைந்த படத்தில் அடியின் வேகம் தெரிவதில்லை. முகம் அசையாமல் நின்று கை மட்டும் கலைந்து தெரிய 1/30 விநாடியை முயலுங்கள். கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கினால்கூட உச்சிவெயிலில் இதற்கு வெளிச்சம் மிஞ்சிவிடும் என்பதால் நிழலிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். உறுமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அசைவு மெதுவாக இருக்கும், அதற்கு 1/8 வரை இறங்கலாம். பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுபவரின் உப்பிய கன்னமே படம். பித்தளை மினுங்கும் புள்ளிகள் வெளுத்துப் போனாலும் பாதகமில்லை.

கேமராவில் படவகையை மோனோக்ரோம் ஆக்கி, கோப்பை ரா வடிவில் சேமித்தால், திரையில் கறுப்பு வெள்ளையைப் பார்த்தபடி எடுக்கலாம். நிறத் தகவலும் கோப்பில் பத்திரமாக இருக்கும். அந்தத் தகவல் எதற்கு என்று கேட்டால், குங்குமத்துக்காக. கணினியில் நிறங்களைச் சாம்பலாக மாற்றும்போது, தோல் தெளிய வேண்டும் என்று சிவப்பை ஏற்றுவது பலருடைய வழக்கம். குங்குமமும் மாநிறத் தோலும் சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புபவை என்பதால், பம்பைக்காரரின் நெற்றியில் அப்பியிருந்த குங்குமம் அப்போது தோலோடு கலந்து மறைந்தேபோகும். சிவப்பைக் குறைத்துப் பச்சையை ஏற்றுங்கள். குங்குமம் கறுப்பாக அழுத்தமாக நிற்கும், விபூதிப் பட்டை வெள்ளையாகவே இருக்கும். மஞ்சள் பூசிய முகத்துக்கு நீலத்தை ஏற்றக் கூடாது. ஏற்றினால் மஞ்சள் முழுவதும் கரியாகிவிடும். ஃபிலிமில் எடுப்பவர்கள் இதே காரணத்துக்காகச் சிவப்பு ஃபில்டரைத் தவிர்த்து மஞ்சள்பச்சையை மாட்டலாம்.

கானா இரவுகளில் எல்இடி விளக்குகளே தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. 1/50 அல்லது 1/100 விநாடியில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழாது. ஐஎஸ்ஓ 6400 வரை தயங்காமல் ஏற்றுங்கள், கறுப்பு வெள்ளையில் அந்தச் சொரசொரப்பு கண்ணை உறுத்தாது. மரண கானாவில் பாடகர் ஒருவர் மட்டும் வெளிச்சத்தில் இருப்பார். டோலக்கும் ஆர்மோனியமும் அரைநிழலில் இருக்கும். அந்த அரைநிழலை அப்படியே விடுங்கள், பிளாஷ் போடாதீர்கள்.

இறுதித் திருத்தத்தில் கிளாரிட்டி என்ற பட்டனைத் தொடாமல் இருப்பதே மரியாதை. அது ஒவ்வொரு சுருக்கத்தையும் பள்ளமாக்கி, தன் தொழிலை நன்றாகச் செய்துகொண்டிருக்கும் ஒரு கலைஞரை வறுமையின் சின்னமாக மாற்றிவிடுகிறது. முகத்தை மட்டும் டாட்ஜ் செய்து கால் ஸ்டாப் அளவுக்கு உயர்த்தினால் போதும். அச்சுக்கு மேட் தாளைக் கேளுங்கள். பளபளப்புத் தாளில் கறுப்பு ஆழமாக விழுந்தாலும், டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கும்போது அந்தக் கறுப்பின் மேலேயே விளக்கு தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் நசுங்கிப்போகும் என்பதால் செட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆளுக்கொரு பிரதி அச்சிட்டு, பின்பக்கம் தேதியையும் இடத்தையும் எழுதி, அடுத்த விசேஷத்துக்கு அவர்கள் வரும் தெருவிலேயே நேரில் கொடுத்துவிடுங்கள்.