உயரம் குறிக்கும் மரப்பலகை: மை பரவியதைச் சரிசெய்த விதம்

குழந்தை வளர வளர உயரத்தைக் குறித்துவைக்க ஆறடி நீளம், ஆறு அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமனுள்ள பலகை போதும். வெறும் மரத்தில் மார்க்கரால் கோடு போட்டால் ரேகை வழியே மை ஓடிவிடும். அப்படிப் பரவிய இடங்களை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, 220-ஆல் வழவழப்பாக்கி, சாண்டிங் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) ஒரு பூச்சு கொடுத்தேன். நன்றாகக் காய்ந்தபின் அக்ரிலிக் பேனாவால் எழுத, கோடுகள் கூர்மையாக நின்றன.

வார்னிஷைப் பின்புறத்துக்கும் இரு முனைகளுக்கும் சேர்த்தே அடியுங்கள்; முன்பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் பலகை வளையும்.

சுவரடி டைல்ஸுக்கு மேலே, தரையிலிருந்து 15 செ.மீ. விட்டு மாட்டுவதானால் பலகையின் அடிவிளிம்பே 15 என்று கணக்கு. சின்ன ஸ்கேலை நகர்த்தி நகர்த்திக் குறித்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஸ்டீல் டேப்பை ஒரே நீட்டாக விரித்துக் குறியுங்கள். குழந்தையின் தலைமேல் மூலைமட்டம் (L வடிவக் கருவி) வைத்து அளப்பதே சரி, உள்ளங்கையை வைத்தால் சாய்ந்துவிடும்.