ப்ளஸ் டூ முடியும்வரை ரகசியத்தைப் பத்திரமாக வைத்திருப்பது எப்படி

ஏழாம் வகுப்பில் என் வருகைப்பதிவு எண் ஒன்பது. ஆசிரியர் அந்த எண்ணைச் சொன்னதும், நான் ‘உள்ளேன் ஐயா’ என்பதற்குள் கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பிவிடும். நம் ஊரில் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும் தம்பி. எட்டாம் வகுப்பில் என் எண் பதினொன்று ஆனது. பட்டப்பெயர் மட்டும் ஒன்பதிலேயே நின்றுவிட்டது.

அருப்புக்கோட்டையில் ஓர் ஆண்கள் பள்ளியில் படித்து 2007-இல் ப்ளஸ் டூ முடித்தேன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்பதை மறைத்துப் பள்ளியில் ஐந்து வருஷம் ஒளிந்திருந்தேன். சில இடங்களில் நன்றாக ஒளிந்தேன், சில இடங்களில் கேவலமாக. இரண்டையும் சொல்கிறேன். ஒளிவது கோழைத்தனம் என்று யாராவது உனக்குப் பாடம் எடுத்தால் கேட்டுக்கொள். ஆனால் அவர்கள் உனக்குச் சோறு போடப்போவதில்லை, பரீட்சை ஃபீஸ் கட்டப்போவதுமில்லை.

முதல் விஷயம், பெயர் வைக்க அவசரப்படாதே. பையனைப் பார்த்தால் மனசு படபடக்கிறது, பெண்ணைப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். அதற்குத் தன்பாலீர்ப்பு என்று தமிழில் மரியாதையான சொல் இருக்கிறது. எனக்கு அந்தச் சொல் கிடைத்தபோது வயது இருபதைத் தாண்டிவிட்டது. அதுவரை கையில் இருந்தவை எல்லாம் கெட்ட வார்த்தைகள்தான். இது வியாதி இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. நான் பிறந்த அடுத்த வருஷமே எடுத்துவிட்டார்கள், எங்கள் தெருவுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

‘யாரைடா லவ் பண்றே?’

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சைக்கிள் ஸ்டாண்டில் வரும், என்.எஸ்.எஸ். முகாமில் இரவு பாய் விரித்த பிறகு வரும். பதிலை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள். யோசித்து நின்றால் மாட்டிக்கொள்வாய்.

நான் தயாராக இல்லை. வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். காலை ஐந்தரை மணி ஃபிசிக்ஸ் டியூஷனில் முன் வரிசையில் உட்காரும் பெண்ணின் பெயர். அவள் என்னிடம் பேசியதே இல்லை, ஒரு தடவை ரெக்கார்டு நோட்டு கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். மூன்றே நாளில் டியூஷன் சுவரில் எங்கள் இரண்டு பேரின் முதல் எழுத்தும் சாக்பீஸில் ஏறிவிட்டன. அவள் தம்பி எங்கள் பள்ளியில் பத்தாவது. விஷயம் வீட்டுக்குப் போய், அடுத்த வாரத்திலிருந்து அவளை டியூஷனுக்கு அனுப்பவில்லை. என் பட்டப்பெயர் ஒரு மாதம் ஓய்ந்திருந்தது. அவளுக்கு அரையாண்டில் ஃபிசிக்ஸ் மார்க் குறைந்தது.

பதினோரு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ‘எங்க அப்பா அதுக்கப்புறம் ஒரு வருஷம் என்கிட்ட சரியாப் பேசல’ என்றாள். என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் நிஜப் பெண் யாருடைய பெயரையும் சொல்லாதே. நடிகை பெயரைச் சொல், அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நானே அப்புறம் வெள்ளிக்கிழமை சினிமா இணைப்பிலிருந்து ஒரு நடிகை படத்தை வெட்டி லாக் புத்தகத்துக்குள் வைத்தேன். அது நன்றாகவே வேலை செய்தது. ‘படிச்சு முடிக்கிறவரைக்கும் எதுவும் இல்லடா, அப்பா தோலை உரிச்சிடுவாரு’ என்பதும் நல்ல பதில். பாதி உண்மையும் கூட.

இன்னொரு வழி இருக்கிறது, அதை நம் மொழியே கொடுத்திருக்கிறது. ‘எனக்குப் பிடிச்ச ஒருத்தங்க இருக்காங்க’ என்று சொல்லிப் பார். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, பொய்யும் இல்லை. கேட்பவன் தானாக ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வான். என் டைரி முழுக்க ‘அவர் வந்தார்’, ‘அவர் சிரித்தார்’ என்றுதான் எழுதினேன். அக்கா ஒருநாள் எடுத்துப் படித்துவிட்டு, கணக்கு வாத்தியார் மேல் எனக்கு இவ்வளவு பக்தியா என்று கேட்டாள்.

நடை, குரல், கை

மொட்டைமாடியில் ஒரு மாதம் ஆம்பளை நடை பழகினேன். பெரியப்பா பையன் நடப்பதைப் பார்த்துத் தோளை விரித்து, கையை அகட்டி. பள்ளியில் ஒருவனும் அதைக் கவனிக்கவில்லை, பட்டப்பெயரும் போகவில்லை. முதுகு வலிதான் மிச்சம். இந்த வேலையில் இறங்காதே. கேலி செய்கிறவன் உன் நடையைத் திருத்த வரவில்லை. அவனுக்குப் பொழுது போக வேண்டும்.

ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இன்டர்வெல் கழிப்பறைதான் எனக்கு மோசமான இடம். மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்து, அல்லது ஒரு நண்பனோடு போவேன். நண்பன் பலசாலியாக இருக்க வேண்டியதில்லை, கூட ஒரு ஆள் இருந்தால் போதும்.

அடி, தள்ளு, பையைத் தூக்கி எறிவது என்று போனால் புகார் கொடு. இங்கேதான் நிறையப் பேர் தயங்குவோம், காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்குமோ என்று. வேண்டாம். ‘இன்ன தேதி, இன்ன இடத்தில், இவன் என்னை அடித்தான்’ என்பதே முழுப் புகார். அவன் ஏன் அடித்தான் என்பதை அவன்தான் விளக்க வேண்டும். பள்ளியில் கேட்க ஆளில்லை என்றால் 1098 இருக்கிறது, குழந்தைகளுக்கான இலவச எண். பதினெட்டு வயது வரை நீ குழந்தைதான், மீசை முளைத்திருந்தாலும்.

போன்

எனக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு தரைவழி போன், அதற்கும் பூட்டு. உன் கதை வேறு.

உன் போனில் இருக்கும் கூகுள் கணக்கேதான் வீட்டு டிவியிலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். இருந்தால் நீ இரவு யூடியூபில் தேடியது காலையில் அம்மா பக்திப் பாட்டு போடும்போது திரையில் வந்து நிற்கும். படங்கள் அப்பாவின் கணக்கில் தானாகச் சேமிக்கப்படுகின்றனவா என்றும் பார். இன்ஸ்டாகிராமில் வேறு பெயரில் கணக்கு திறந்தாலும், அதே போன் எண்ணைக் கொடுத்தால், அல்லது கான்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதி கொடுத்தால், ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று உன் வகுப்புப் பையன்களுக்கே உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டேட்டிங் ஆப் பக்கம் போகாதே. அவை பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. தன் வயது பதினேழு என்று சொல்லி உன்னிடம் பேசுகிறவருக்கு முப்பத்தேழு இருக்கலாம். முகம் தெரியும் படமோ, உடம்புப் படமோ, எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் யாருக்கும் அனுப்பாதே. தனியாகப் பார்க்க வா என்றால் போகாதே.

ஏற்கெனவே அனுப்பிவிட்டாய், இப்போது ஒருவன் மிரட்டுகிறான் என்றால் பணம் கொடுக்காதே. கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடி கேட்பான். பேச்சை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. பெரியவர் ஒருவரிடம் சொல், அல்லது 1098-க்குப் பேசு. பணம் போயிருந்தால் சைபர் குற்றங்களுக்கான 1930. பதினெட்டுக்குக் கீழே எடுத்த அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்று ஓர் இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உன் போனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறியீட்டை உருவாக்கி, அதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தக் குறியீட்டை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். தப்பு செய்தது மிரட்டுகிறவன், நீ இல்லை.

நண்பன் மேலேயே காதல் வந்துவிட்டால்

வரும். எனக்கு வந்தது. இரண்டு வருஷம் அவன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன், அவன் சட்டை முதுகில் வேர்வை பரவுவதைப் பார்த்துக்கொண்டே. சொல்லவில்லை. இதற்கு என்னிடம் நல்ல வழிமுறை இல்லை தம்பி. அவன் காதல் கடிதத்தை நான்தான் திருத்திக் கொடுத்தேன், எழுத்துப்பிழை அவ்வளவு.

ஒருவரிடம் மட்டும்

எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவருக்குக்கூடத் தெரியாமல் இருப்பது ரொம்பக் கனம். யாரிடம் சொல்லலாம் என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை: செய்தியில் வந்த ஏதாவது ஒன்றைப் பேச்சில் போடு. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் சம்மதத்தோடு வாழும் தன்பாலின உறவு குற்றமில்லை என்றதே, அதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேள். முகம் சுளித்தால் விட்டுவிடு. யோசித்தால் இன்னொரு நாள் தொடரலாம்.

நேரில் சொல், வாட்ஸ்அப்பில் வேண்டாம். எழுதியது ஸ்கிரீன்ஷாட் ஆகும். சண்டையின் நடுவிலோ பரீட்சைக்கு முந்தின நாளோ சொல்லாதே. ‘இது உன்னோட இருக்கட்டும்’ என்பதையும் சேர்த்துச் சொல். நான் கல்லூரி முதல் வருஷத்தில் சித்தி மகளிடம் சொன்னேன். ‘சரி, சாப்பிட்டியா?’ என்றாள். அந்தச் ‘சரி’யை வைத்துக்கொண்டே நாலைந்து வருஷம் ஓட்டினேன்.

அந்த ஒருவர் இன்னும் கிடைக்கவில்லை, இரவில் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், 14416-க்குப் பேசு. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

வீடு

கையில் சம்பளம் வரும்வரை வீட்டில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நீயாகச் சொல்லாமலேயே தெரிந்துவிடலாம், அதற்குத்தான் தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் ஜோசியர், அப்புறம் டாக்டர். ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று எந்த டாக்டர் சொன்னாலும், அவர் செய்யக் கூடாததைச் செய்கிறார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த மாதிரிச் சிகிச்சைக்குத் தடை விதித்தார். தனக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதிய உத்தரவு அது. அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்றது. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்து வை. டாக்டர் அறையில் நீ சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

எங்கள் பக்கத்துத் தெருவில் பெரிய பையன் ஒருவனை வீட்டை விட்டு அனுப்பினார்கள். கட்டிய லுங்கியோடு போனான். சர்டிஃபிகேட் எல்லாம் பீரோவில் மாட்டிக்கொண்டதால் இரண்டு வருஷம் எந்த வேலைக்கும் மனுப் போட முடியவில்லை. அதனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் பள்ளிப் பைக்குள் ஒரு கவரில் வை. சான்றிதழ்களைச் சேமிக்கும் அரசுச் செயலியான டிஜிலாக்கரிலும் கணக்குத் திறந்து வை. பாஸ்வேர்டாக உன் பிறந்த தேதியைப் போடாதே, அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.